எச்61 மதர்போர்டில் ஐ7-3770 ஏறவில்லை: பழுது ப்ராசசரிலா, பயாஸிலா?

கணக்கர்

எங்கள் தணிக்கை அலுவலகத்தில் 2011இல் அசெம்பிள் செய்து வாங்கிய கணினி ஒன்று இருக்கிறது. எச்61 சிப்செட் மதர்போர்டு, ஐ3-2100 ப்ராசசர், 8 ஜிபி டிடிஆர்3 ரேம், 450 வாட் என்று எழுதப்பட்ட எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி). பெரிய எக்செல் கோப்புகளைத் திறந்தால் திணறுகிறது என்பதால், பழைய பாகங்கள் விற்கும் கடையொன்றில் ஐ7-3770 வாங்கி மாட்டினேன். பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, சில விநாடிகளில் நின்று, மறுபடி தானாகவே சுற்றத் தொடங்குகிறது. திரையில் ஒன்றும் வருவதில்லை. பீப் ஒலியும் இல்லை. ஐ3-ஐத் திரும்ப மாட்டினால் ஒரு குறையுமின்றி விண்டோஸ் வரை செல்கிறது. மாற்றித் தருவதற்குக் கடைக்காரர் கொடுத்த கெடு சனிக்கிழமையோடு முடிவதால், அதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுவதா, என் பக்கத்தில் சரிசெய்ய ஏதேனும் உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பற்றவைப்போன்

திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழைய ப்ராசசரில் ஓடுகிறது, புதிதாக வந்ததில் ஓடவில்லை என்றால் முதல் சந்தேகம் புதிதாக வந்தவர் மீதுதான் விழ வேண்டும். கைமாறி வரும் ப்ராசசர்களின் அடிப்பக்கத்தில், தங்கப் புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் கடுகளவுக் கபாசிட்டர்களில் ஒன்று பெயர்ந்திருந்தாலே போதும், உயிர் வராது. ப்ராசசரில் குறையில்லை என்றால் அடுத்த குற்றவாளி எஸ்எம்பிஎஸ். பத்தாண்டு கடந்த எஸ்எம்பிஎஸ் லேபிளில் 450 வாட் என்று இருப்பதற்கும், 12 வோல்ட் கம்பியில் உண்மையாக வருவதற்கும் தொடர்பே இருக்காது. விட்டுவிட்டு ஃபேன் சுற்றுவது நான் பழுதுபார்க்கும் மேசையில் அடிக்கடி பார்க்கும் மின்பற்றாக்குறை அறிகுறி.

பழைய சில்லு

பற்றவைப்போன் அவர்களின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இந்த வழக்கில் தேதிகளையே அவர் பார்க்கவில்லை. ஐ3-2100 என்பது 32 நானோமீட்டரில் வந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறை. ஐ7-3770 என்பது 2012 ஏப்ரலில் வெளியான 22 நானோமீட்டர் ஐவி பிரிட்ஜ். இரண்டுக்கும் ஒரே எல்ஜிஏ1155 சாக்கெட் என்பதால் கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. ஆனால் 2011இலேயே ஆலையை விட்டு வெளியேறிய மதர்போர்டின் பயாஸுக்கு, அதாவது கணினியை முதலில் எழுப்பும் மென்பொருளுக்கு, அடுத்த ஆண்டு பிறக்கப்போகும் ப்ராசசருக்கான மைக்ரோகோடு என்ற உள்கட்டளைத் தொகுப்பு எங்கிருந்து கிடைத்திருக்கும்? இதோடு, சிப்செட்டுக்குள் இயங்கும் மேனேஜ்மென்ட் எஞ்சின் என்ற சிறு மென்பொருளும் ஏழாம் பதிப்பிலிருந்து எட்டாம் பதிப்புக்கு மாறியிருக்க வேண்டும். சில நிறுவனங்கள் இரண்டையும் ஒரே பயாஸ் கோப்பில் வைத்தன, சில தனித்தனியாக ஏற்றச் சொல்லின. ஏற்றிய பின் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது என்றும் எச்சரித்திருந்தன. இது நடக்காத போர்டில் ஐவி பிரிட்ஜை மாட்டினால், தாங்கள் விவரித்த அதே சுற்றலும் நிற்றலும்தான் மிஞ்சும்.

எஸ்எம்பிஎஸ் வாதத்தையும் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஐ3-2100க்கு 65 வாட், ஐ7-3770க்கு 77 வாட். வித்தியாசம் 12 வாட்.

பற்றவைப்போன்

அந்த 77 வாட் என்பது அடிப்படை வேகத்தில் தொடர்ந்து ஓடும்போது வெளியேற்ற வேண்டிய வெப்பத்தின் அளவு. தேவைப்படும்போது தானாக வேகம் கூட்டும் டர்போவில் 3.9 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறும் நான்கு கோர் ப்ராசசர் கணப்பொழுதில் எவ்வளவு இழுக்கும் என்பதை அந்த எண் சொல்லாது. அச்சிட்ட தாளை வைத்து மின்சாரத்தை அளக்கக் கூடாது என்பதே என் வாதம்.

பழைய சில்லு

ஏற்கிறேன், ஆனால் பயாஸ் திரை வருவதற்கு முன்பே நின்றுவிடும் கணினியில், நான்கு கோர்களும் டர்போவில் பாயும் கட்டமே வருவதில்லை. மின்பற்றாக்குறை இருந்தால் அது சுமை ஏறும்போது முகம் காட்டும்.

கணக்கர் அவர்களே, சனிக்கிழமைக்குள் செய்யக்கூடியது இது. ஐ3-ஐயே மாட்டி வைத்துக்கொண்டு, சிபியு-இசட் மென்பொருளில் போர்டின் மாடலையும் பயாஸ் தேதியையும் பாருங்கள். தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கான ப்ராசசர் பட்டியலில் 3770 எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து சேர்க்கப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். ப்ராசசரின் மூடியில் 3770க்குரிய எஸ்ஆர்0பிகே என்ற குறியீடு இருக்கிறதா என்பதையும், சாக்கெட்டின் ஊசிகளில் ஏதேனும் வளைந்திருக்கிறதா என்பதையும் டார்ச் அடித்துச் சாய்வாகப் பார்த்துவிடுங்கள். பயாஸ் ஏற்றும்போது யுபிஎஸ் கட்டாயம். பாதியில் மின்சாரம் போனால் போர்டே ஊமையாகிவிடும்.

சிக்கனக்காரர்

இருவரும் நோயாளியை மறந்துவிட்டு நோயைப் பற்றி வாதிடுகிறீர்கள். எச்61இல் வட்டுகளை இணைக்கும் சாட்டாவின் வேகம் விநாடிக்கு 3 ஜிகாபிட்டோடு நின்றுவிடுகிறது, அதைவிட வேகமான என்விஎம்இ இணைப்பு கிடையாது. இந்த ப்ராசசர் விண்டோஸ் 11க்கான பட்டியலிலும் இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. அந்த அலுவலகக் கணினியில் இன்னும் ஹார்டு டிஸ்க் இருக்குமானால், ப்ராசசருக்குக் கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்கி ஒரு எஸ்எஸ்டி போட்டாலே திணறல் பாதி தீரும். சாட்டா வேகம் குறைவு என்றாலும் சிறு கோப்புகளைத் தேடி எடுப்பதில் ஹார்டு டிஸ்க் அதன் அருகில்கூட வராது.

கணக்கர்

எஸ்எஸ்டி சென்ற ஆண்டே போட்டாகிவிட்டது ஐயா. எக்செல் கணக்கிடும்போது டாஸ்க் மேனேஜரில் ப்ராசசர் நூறு சதவீதத்தில் நிற்பதைப் பார்த்துத்தான் இந்த முடிவுக்கு வந்தேன்.

பயாஸ் தேதி 2011ஆம் ஆண்டைக் காட்டுகிறது. தயாரிப்பாளரின் பட்டியலில் 3770 இருக்கிறது. 2012இல் வெளியிட்ட பதிப்பு முதல் என்று எதிரே குறித்திருக்கிறார்கள். மூடியில் தாங்கள் சொன்ன குறியீடே உள்ளது, ஊசிகளும் நேராகவே நிற்கின்றன.

பற்றவைப்போன்

அப்படியானால் ஏற்றிப் பாருங்கள், தடுக்கவில்லை. ஆனால் இதன் அபாயத்தைச் சொல்லாமல் விடுவது சரியன்று. ஏற்றுவது பாதியில் நின்றால், எட்டுக் கால் பயாஸ் சிப்பைக் கழற்றி சிஎச்341ஏ புரோகிராமர் என்ற சிப் எழுதும் கருவியில் வைத்து எழுத வேண்டியிருக்கும். சிப் சாக்கெட்டில் செருகப்பட்டிருந்தால் எளிது. பற்றவைக்கப்பட்டிருந்தால் கடைக்குத்தான் எடுத்துச் செல்ல வேண்டும். நேற்று வரை நன்றாக ஓடிய கணினியை அந்த நிலைக்குக் கொண்டுபோவதற்கு முன், கடைக்காரரிடமே ஐவி பிரிட்ஜ் ஓடும் வேறு போர்டில் இந்த ப்ராசசரை மாட்டிக் காட்டச் சொல்லியிருக்கலாம். செலவே இல்லாத சோதனை அது.

பழைய சில்லு

நல்ல யோசனை, மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே ஓடினாலும் இங்கே பயாஸ் ஏற்றியே ஆக வேண்டும்.

கணக்கர்

கடையில் மாட்டிக் காட்டினார்கள், ஓடியது. மாலையில் யுபிஎஸ் இணைத்து, எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவிலிருந்து பயாஸுக்குள் இருக்கும் கருவி வழியாகவே புதிய பதிப்பை ஏற்றினேன். ஐ3-யோடு ஒருமுறை திரை வந்ததைப் பார்த்துவிட்டு ஐ7-ஐ மாட்டினேன். திரை வந்துவிட்டது, கோருக்கு இரண்டாக எட்டுத் திரெட்களும் தெரிகின்றன. ஆனால் பெரிய கோப்பைக் கணக்கிட விட்டால் வெப்பம் 95 டிகிரியைத் தாண்டுகிறது.

பற்றவைப்போன்

ஐ3-யோடு வந்த மெல்லிய அலுமினியக் கூலரையே மாட்டியிருப்பீர்கள். அதன் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று போர்டின் மறுபக்கம் முழுமையாக வெளிவராமல் நிற்கிறதா என்று போர்டைத் திருப்பிப் பாருங்கள். பழைய தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாக இடுங்கள். வெப்பம் இறங்கிய பிறகு ஒரு மணி நேரம் முழுச் சுமையில் ஓடவிட்டு, 12 வோல்ட் அளவைக் கவனியுங்கள். 11.4க்குக் கீழே போனால் அந்த எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றித்தான் ஆக வேண்டும். மென்பொருள் காட்டும் எண்ணை நம்பாமல் மல்டிமீட்டரில் அளந்து சொல்லுங்கள்.