நல்லூருக்கு வாற கனடாச் சொந்தம் உல்லாசப் பயணியா? (ஒப்படைக்கு உதவி வேணும்)

கந்தர்மடம்_22:
உயர்தர ஒப்படை ஒண்டு செய்யிறன். தலைப்பு: "சுற்றுலா என்றால் என்ன, நாடுகளுக்கு அது ஏன் முக்கியம்". பாடக்குறிப்பில "பொழுதுபோக்குக்காக வேறிடம் செல்லுதல்" எண்டு ஒரு வரிதான் கிடக்கு. அதுக்குப் பிறகு அந்நியச் செலாவணி, வேலைவாய்ப்பு எண்டு நாலு சொல்லு.

என்ர குழப்பம் இதுதான். கனடாவில இருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து அம்மம்மா வீட்டில ஒரு மாசம் நிக்கிற ஆக்கள், தெற்கில இருந்து பஸ் பிடிச்சு நயினாதீவு கும்பிட்டுத் திரும்பிற ஆக்கள், கலியாணத்துக்கு வாற கொழும்பு ஆக்கள், இவையெல்லாம் சேர்த்தியா? சேர்த்தி எண்டால் யாழ்ப்பாணத்துக்கு வாற நன்மையை எப்பிடிக் கணக்குப் பாக்கிறது?

பனையடி:
அரைவாசிக் குழப்பம் "உல்லாசப் பயணி" எண்ட சொல்லால வந்தது. வரையறையில உல்லாசம் கட்டாயமே இல்லை. ஐ.நா. சுற்றுலா அமைப்பு கேக்கிறது மூண்டு விஷயம்: ஆள் தன்ர வழமையான சூழலை விட்டு வெளியில போயிருக்க வேணும், தங்கிறது ஒரு வருசத்துக்கு உள்ள இருக்க வேணும், போன இடத்தில ஒருத்தரிட்டச் சம்பளத்துக்கு வேலை செய்யிறது நோக்கமா இருக்கக் கூடாது. கோயில், வைத்தியம், வியாபாரக் கூட்டம், செத்தவீடு எதுக்கு வந்தாலும் இதுக்குள்ள அடங்கும்.

பாக்கிறது ஆள் வழமையா வாழிற இடத்தை. கடவுச்சீட்டின் நிறத்தை இல்லை. அதால கனடாச் சொந்தம் உள்வரும் சுற்றுலா, "உறவினர் நண்பரைப் பார்த்தல்" எண்ட நோக்கம். கொழும்புக் கலியாண ஆக்கள் உள்நாட்டுச் சுற்றுலா. ஒரு இரவாவது தங்கினால்தான் "சுற்றுலாப் பயணி". தங்காமல் திரும்பினால் "ஒரு நாள் வருகையாளர்". ரண்டு பேரையும் சேர்த்துச் சொல்லிற பொதுப் பேர் "வருகையாளர்". மட்டக்களப்பில இருந்து யாழ் பல்கலைக்கழகத்துக்கு வந்து நாலு வருசம் படிக்கிற பிள்ளை இதில வராது, யாழ்ப்பாணமே அந்தப் பிள்ளைக்கு வழமையான சூழல் ஆகிடும். பட்டமளிப்புக்கு வந்து ஒரு இரவு நிக்கிற தாய் தகப்பன் வருவினம்.

செலவுக் கணக்கிலயும் ஒரு பொறி இருக்கு. வான் வாடகை, சாப்பாடு, புடவை, கொண்டு போற பனங்கட்டிப் பெட்டி எல்லாம் சுற்றுலாச் செலவு. காணி வாங்கின காசு, திருவிழா உபயத்துக்குக் கட்டினது, மாமியின்ர கையில குடுத்த காசு மூண்டும் அதில சேராது. எங்கட ஊரில இந்த மூண்டும்தான் பெரிய தொகை. அதால "கனடாக்காரர் கொட்டின காசு" எண்டு ஊரில கதைக்கிற தொகைக்கும் சுற்றுலா வருமானத்துக்கும் கன தூரம்.

கடலோரம்:
நாட்டு மட்டத்துக்கு வருவோம். தேயிலையை நாம் கப்பலில் ஏற்றி அனுப்புகிறோம். சுற்றுலாவில் வாங்குபவரே இங்கு வந்து, பொருளை இங்கேயே அனுபவித்துவிட்டு, டொலரை வைத்துவிட்டுப் போகிறார். ஆகவே சென்மதி நிலுவையில் (நாட்டுக்குள் வரும், வெளியே போகும் பணத்தின் கணக்கில்) இது சேவை ஏற்றுமதி.

இந்த வருமானத்தை யாரும் கல்லாப்பெட்டி கல்லாப்பெட்டியாக எண்ணுவதில்லை. அது ஒரு மதிப்பீடு: வந்தவர் தொகை × சராசரியாகத் தங்கிய இரவு × ஒருவரின் நாட்செலவு. இலங்கையின் 2018 கணக்கு 2,333,796 பேர் × 10.8 இரவு × 173.8 டொலர், அதாவது சுமார் 438 கோடி டொலர். பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். பின் இரண்டு எண்களும் கருத்துக்கணிப்பில் பெறப்படுபவை. அங்கே சிறு பிழை நேர்ந்தாலும் விடையில் கோடிகள் ஆடும்.

2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்பு, அதன் பின் கொரோனா. 2020இல் 507,704 பேர், 2021இல் 194,495 பேர். வருமானம் 2021இல் சுமார் 51 கோடி டொலருக்கு இறங்கியது. நாட்டுக்குள் வரவேண்டிய டொலர் மூன்று வருடத்தில் இப்படிச் சுருங்கியது, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை அரசு நிறுத்தியதற்கான காரணங்களில் ஒன்று. ஒரே காரணம் என்று எழுதிவிடாதீர்கள். வரிக்குறைப்பும் பழைய கடன் சுமையும் இருந்தன.

இன்னொன்று. 2024இல் 2,053,465 பேர் வந்தார்கள், வருமானம் சுமார் 317 கோடி டொலர். 2018ஐ விட ஆட்கள் 12 வீதம் குறைவு, பணமோ 28 வீதம் குறைவு. "இருபது இலட்சம் தாண்டிவிட்டோம்" என்ற தலைப்புச் செய்தி இதைச் சொல்லாது.

கந்தர்மடம்_22:
பனையடி அண்ணா, கடலோரம் ஐயா, நன்றி. அப்ப யாழ்ப்பாணத்துக்குள்ள எவ்வளவு தங்குது?

சோழகம்:
தங்கிற வீதம்தான் முழுக் கதையும். ஒரு ஆள் 10,000 ரூபா செலவழிக்குது எண்டு வையுங்கோ. ஒவ்வொரு கை மாறேக்கையும் பாதி ஊருக்குள்ளயே திரும்பச் செலவானால் 10,000 + 5,000 + 2,500 எண்டு போய் மொத்தம் 20,000. சூத்திரம் 1 ÷ (1 − தங்கிற பங்கு). பங்கு 0.3 ஆக இறங்கினால் மொத்தம் 14,300 அளவில நிண்டிடும். இந்த 0.5, 0.3 எல்லாம் விளக்கத்துக்கு எடுத்த எண்கள், யாழ்ப்பாணத்தின்ர உண்மை எண் எண்டு எழுதிப்போடாதேங்கோ.

காசு எங்க ஒழுகுது? இணையத்தில அறை பதிஞ்சால் கொமிசன் வெளிநாட்டு நிறுவனத்துக்கு. வான் கொழும்பில இருந்தே வந்தால் வாடகையும் சாரதிச் சம்பளமும் கொழும்புக்கு. விடுதி மரக்கறியைத் தம்புள்ளையில எடுத்தால் அந்தக் காசு அங்க. அதே விடுதி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில கத்தரிக்காயும், பாசையூரில நண்டும் வாங்கினால் காசு இன்னும் ரண்டு மூண்டு கை ஊருக்குள்ள சுத்தும். காலமைச் சாப்பாட்டுக்குப் பாண், ஜாம் குடுக்கிறதை விட்டுப் புட்டும் கறியும் குடுக்கிறது ருசிக்கு மட்டுமில்லை, கணக்குக்கும் நல்லது.

நயினாதீவு பஸ் ஆக்களில பிழை சொல்ல ஒண்டுமில்லை, அது யாத்திரை. ஆனால் சோத்துப் பார்சலோட வந்து பின்னேரம் திரும்பிற பஸ் விட்டிட்டுப் போறது படகுக் காசு, கச்சான் காசு, மிச்சம் குப்பையும் கக்கூசுச் சுமையும். வெனிஸ் நகரம் 2024 ஏப்ரலில நெரிசல் நாளில 5 யூரோ நுழைவுக் கட்டணம் வைச்சது ஒரு நாள் வருகையாளருக்குத்தான். இரவு தங்கிறவைக்கு இல்லை. நயினாதீவுப் படகு வெளிக்கிடுற குறிகாட்டுவானில அப்பிடி வையுங்கோ எண்டு நான் சொல்ல வரேல்லை.

அடுத்தது பருவம். நல்லூரும் வெளிநாட்டுப் பள்ளிக்கூட விடுமுறையும் ஆடி ஆவணியில ஒண்டா விழுது. அந்த 25 நாளை நம்பி அறை கட்டினால் ஐப்பசி, கார்த்திகை மாரி மழைக்க அறை பூட்டிக் கிடக்கும், வங்கிக் கடன் சும்மா கிடக்காது, கட்டத்தான் வேணும். நெடுந்தீவைக் காட்டி ஆளை இன்னொரு நாள் மறிக்கலாம் எண்டால், அந்த ஆடி ஆவணியில தென்மேற்கால அடிக்கிற சோழகக் காத்து, கடல் கொந்தளிக்கும், படகு நிண்டு போகலாம். பயணத் திட்டத்தில நெடுந்தீவைக் கடைசி நாளில போடக் கூடாது. முதல் நாளில போட்டால், தவறினாலும் அடுத்த நாள் இருக்கும்.

நிலாவரை:
தண்ணியை ஒருவரும் எழுதவில்லை. குடாநாட்டில் வருடம் முழுதும் ஓடும் ஆறு இல்லை, வழுக்கியாறும் மாரியில்தான் ஓடும். குடிக்கிறதும் தோட்டத்துக்கு இறைக்கிறதும் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லுக்குள் கடல்நீர் மேல் மிதக்கிற நன்னீர். நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால் கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மேல்மட்டம் 1 அடி இறங்கினால் கீழிருந்து உப்புநீர் 40 அடி ஏறப் பார்க்கும். மோட்டர் போட்டு நீச்சல் தடாகம் நிரப்புகிற விடுதிக்கு இது தெரிவதில்லை. பக்கத்து வளவுக் கிணறு உவரானபின்தான் தெரியும்.

கல்லில் வெடிப்பு இருப்பதால் மலக்குழி நீர் வடிபடாமல் நேரே கிணற்றுக்குப் போகும். பல கிணறுகளில் நைத்திரேற்று ஏற்கெனவே கூட. தோட்டத்து உரமும் ஒரு காரணம். ஒப்படையில் "பாதகங்கள்" என்று கலாசாரச் சீரழிவை மட்டும் எழுதாமல் இதையும் போடுங்கள்.

சோழகம்:
சரியான பேச்சு. தங்கச்சியோ தம்பியோ, கள வேலைக்கு ரண்டு மூண்டு விடுதியிலபோய் இதைக் கேளுங்கோ: எத்தினை அறை, மாசம் எத்தினை அறை-இரவு வித்தது, சாமான் எங்க வாங்கிறது, தண்ணி எங்கத்தையது. 8 அறை × 30 நாள் = 240 அறை-இரவு; 84 வித்தால் 35 வீதம். நல்லூர் மாசத்தையும் கார்த்திகையையும் தனித்தனியா எடுங்கோ. கூட்டிச் சராசரி போட்டால் ஒண்டும் தெரியாது.