மூன்றாவது தகடு வைத்தால் இருட்டு ஏன் விலகுகிறது?

மலையகத்து ஊர்கள் மூன்றின் ஆசிரியர்கள், குவாண்டம் பாடத்தை எப்படித் தொடங்குவது என்று பேசிக்கொள்கிறார்கள்.

ஹட்டன்:
உயர்தர வகுப்பில் மேற்பொருந்துகையை (ஒன்று ஒரே நேரத்தில் இரண்டு நிலைகளின் கலவையாக இருப்பதை) பௌதிகவியலாளர் சுரோடிங்கரின் பெட்டிப் பூனையில் தொடங்கினால், "பூனை ஒன்றில் உயிரோடு இருக்கும், இல்லாட்டி செத்திருக்கும், நமக்குத்தான் தெரியாது சேர்" என்ற பதில்தான் வரும். ஆகவே முதலில் முனைவாக்கித் தகடு, அதாவது தாண்டி வரும் ஒளியை ஒரே திசையில் அதிரவைக்கும் படலம்.

பழுதான கல்கியூலேட்டர் திரையின் முன்பக்கத் தகட்டை உரித்து இரண்டாக வெட்டுங்கள். பின்பக்கத் தகட்டில் வெள்ளிப் பூச்சு ஒட்டியிருக்கும், அது உதவாது. பழைய எல்சிடி மொனிட்டரில் வெள்ளைத் திரையை வரவழையுங்கள்; அதன் முகப்பிலேயே இப்படியொரு தகடு இருப்பதால் அதுவே முதல் தகடு. அதன் மேல் ஒரு துண்டை முழு இருட்டாகும்வரை திருப்பி, அப்படியே ஒட்டிவிடுங்கள். நடுவில் மற்றத் துண்டை 45 பாகையில் செருகினால் வெளிச்சம் வரும். கணக்குப்படி திரை ஒளியில் 25 சதவீதம். தகடே கொஞ்சம் உறிஞ்சுவதால் உண்மையில் அதிலும் குறைவு.

இப்போது தேயிலை ஃபெக்டரிச் சல்லடையைப் பற்றிப் பிள்ளைகளிடம் கேளுங்கள். இரண்டு சல்லடை சேர்ந்து ஒரு தூளையும் விடாதபோது, நடுவில் மூன்றாவதைப் போட்டால் தூள் விழுமா? தூளுக்குப் பருமன் முன்பே உண்டு. சல்லடை அதைத் தெரிவு செய்கிறது, அவ்வளவுதான். முனைவான ஒளி அப்படியில்லை. நிலைக்குத்தாக அதிர்ந்து வந்த ஒளி, நடுத்தகட்டைப் பொறுத்தவரை 45 பாகைத் திசையினதும் அதற்குச் செங்குத்தான திசையினதும் மேற்பொருந்துகை. தகட்டைத் தாண்டியதோ கிடை, நிலைக்குத்து இரண்டினதும் மேற்பொருந்துகை; அதில் கிடைப் பங்கைக் கடைசித் தகடு விடுகிறது. "தெரியாது" என்று சொல்லி இதை விளங்கப்படுத்த முடியாது.

பண்டாரவளை:
நடுத்தகடு 5 பாகை பிசகினால் பயமில்லை, 25 என்பது 24 ஆகும். வெளித்தகடு 5 பாகை பிசகினால்தான் வில்லங்கம்: 0.8 சதவீதம் கசியும், "முதலே வெளிச்சம் இருந்ததே" என்று பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். தகட்டின் மேலுள்ள பாதுகாப்புப் பிளாஸ்டிக்கையும் உரித்துவிடுங்கள். செலோபேன் மாதிரிப் பொருள்கள் முனைவைத் தாங்களே திருப்பிவிடும்; நிறம் நிறமாக ஒளி வந்து பாடம் குழம்பும்.

நம்ம பக்கத்து மூடுபனிக்கு இன்னொன்று. பல தகடுகள் அயடீன் ஊறிய படலம். ஈரம் ஏறினால் வெளுக்கும், பிறகு எப்படித் திருப்பினாலும் இருட்டாகாது. மூடி இறுகிய போத்தலில், அரிசிப் பொட்டலத்தோடு வையுங்கள்.

தலவாக்கலை:
ஒரு ஆட்சேபம். இதை மாலூசின் கோசைன் வர்க்க விதியே (தாண்டும் ஒளியின் பங்கு, கோணத்தின் கோசைன் வர்க்கம்) சொல்லிவிடுகிறது, சாதாரண அலை போதும். குவாண்டம் எங்கே?

ஹட்டன்:
சரியான கேள்வி. ஒளியைக் குறைத்துக்கொண்டே போனால் அலைக் கணக்கில் எல்லாம் மங்கும், அவ்வளவுதான். ஆனால் போட்டன், அதாவது ஒளியின் தனித்துணுக்கு, கால்வாசியாக வராது. முழுசாக வரும், இல்லாவிட்டால் வராது. அந்த 25 சதவீதம் நிகழ்தகவாக மாறுவது அங்கேதான். அதைத் திரை வெளிச்சத்தைக் குறைத்து வகுப்பில் காட்டலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1 மில்லிவாட் சிவப்பு லேசரிலேயே செக்கனுக்குச் சுமார் 3,000 இலட்சம் கோடி போட்டன்கள்.

பண்டாரவளை:
இதற்குப் பிறகு பூனைக்குப் போகலாம். 1935இல் சுரோடிங்கர் அதைச் சொன்னது "பூனை இரண்டுமாக இருக்கிறது" என்று நிறுவ இல்லை, அணுவின் கணக்கைப் பூனை வரை இழுத்தால் எவ்வளவு அபத்தம் என்று காட்ட. பூனை இருக்கும் மூடிய பெட்டியில், ஒரு மணித்தியாலத்தில் ஓர் அணு சிதைய அரைக்கு அரை வாய்ப்பு. சிதைந்தால் கதிர்வீச்சை உணரும் கைகர் கருவி சுத்தியலை விழுத்தும், சுத்தியல் நச்சுக் குப்பியை உடைக்கும், பூனை சாகும். பிள்ளைகள் நேரே குப்பிக்குப் போய்விடுவார்கள். கரும்பலகையில் அணுவை முதலில் வரையுங்கள்.