ஆண் வாத்து கோழிகளை விடமாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம்?

வணக்கம் நண்பர்களே, குடியாத்தம் பக்கம் எங்கள் கொல்லையில் நாட்டுக்கோழியும் வாத்தும் ஒரே கொட்டகையில்தான். கொஞ்ச நாளாக இரண்டு ஆண் வாத்துகளும் பெட்டைக் கோழிகளைத் துரத்திப் பிடித்து, பிடரியைக் கவ்விக்கொண்டு ஏறுகின்றன. சாம்பல் பெட்டைக்குக் கழுத்தில் இறகே இல்லை, தோல் உரிந்து சிவந்திருக்கிறது. சேவலுக்கு இல்லாத ஆண்குறி வாத்துக்கு உண்டு, கோழிக்கு உள்ளே காயம்பட்டு உயிரே போகலாம், அதுதான் பயம். ஓர் ஆணுக்கு நான்கைந்து பெட்டை வாத்தாவது வேண்டும், எங்களிடம் மொத்தமே மூன்றுதான். இப்போதைக்கு வலை கட்டிப் பிரித்துவிட்டேன். ஓர் ஆணை விற்றுவிட்டால் இன்னொன்று அடங்குமா, இல்லை பெட்டை வாத்து கூடுதலாக வாங்கணுமா? அப்புறம், பொய்கை செவ்வாய்ச் சந்தையில் நல்ல பெட்டை வாத்து கிடைக்குமா? இரண்டையும் சேர்த்து வளர்ப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.