ஊரில் இருந்த வீசிங்கை ராணுவ ரெக்ரூட்டரிடம் சொல்ல வேண்டுமா?

கிரீன் கார்டில் அமெரிக்கா வந்து சில மாதங்களே ஆன குடும்பங்கள் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கின்றன. பிள்ளைக்கு ராணுவத்தில் சேர ஆசை. சின்ன வயதில் வீசிங் இருந்தது, வைத்தியம் எல்லாம் ஊரில்தான், இங்கே ஒரு ரெக்கார்டும் கிடையாது. வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா?

வேண்டாம். சொல்லிவிடுங்கள். நானும் இதே இடத்தில் நின்றவன்தான்.

எங்கள் வீட்டில் ஆஸ்துமா என்ற சொல்லே வராது. "வீசிங்தான், பனிக்காலத்தில் மட்டும்" என்பார் அம்மா. மார்கழி பிறந்தால் ரோட்டாஹேலரில் கேப்ஸ்யூலைச் செருகி, ஒரு திருகு திருகி இழுப்பேன். லேசான இனிப்போடு மாவு தொண்டையில் ஒட்டும். கடைசியாக இழுத்தது பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வின்போது. அப்போது வயது பதினைந்து.

அந்த வயதுதான் சிக்கல். 13ஆவது பிறந்தநாளுக்குப் பிறகு ஆஸ்துமா இருந்திருந்தால் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் மருத்துவ விதிப்படி தகுதி இல்லை. நாம் அதை வீசிங் என்றாலும் இளைப்பு என்றாலும் அவர்கள் பார்ப்பது மூச்சுக்குழாய் சுருங்கியதா, அதற்கு மருந்து எடுத்தாயா என்பதைத்தான். ஆனால் "தகுதி இல்லை" என்றதும் கதவு மூடிவிடுவதில்லை. வெய்வர், அதாவது விதிவிலக்கு, என்று ஒன்று இருக்கிறது. அதைக் கொடுப்பதும் மறுப்பதும் ரெக்ரூட்டர் கையில் இல்லை, அந்தந்தப் படைப்பிரிவின் மருத்துவ அதிகாரிகள் கையில் இருக்கிறது. ரெக்ரூட்டர் உங்கள் ஃபைலைத் தயார் செய்து அனுப்புகிறவர், அவ்வளவுதான்.

நான் முதலில் பார்த்த ரெக்ரூட்டர் நல்ல மனிதர். ஆனாலும், "இந்தியாவில் நடந்ததுதானே, 'இல்லை' என்று டிக் செய்துவிடு" என்றார். அம்மாவும் அதையே சொன்னார். இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. அப்புறம் வேறொரு அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஊர் டாக்டரிடம் கடிதம் வாங்கி, மொழிபெயர்த்து, நுரையீரல் பரிசோதனை செய்து அனுப்பினோம். ஒரு பிரிவு மறுத்தது. இன்னொரு பிரிவு ஐந்து மாதம் கழித்து வெய்வர் கொடுத்தது. அந்த ஐந்து மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை.

பொய் சொன்னால் என்ன ஆகும்? 2807-2 என்ற மருத்துவ வரலாற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறீர்கள். மெப்ஸ் என்கிற பரிசோதனை மையத்தில் டாக்டர் அதே கேள்விகளை மறுபடி கேட்பார். 2022 முதல், இங்குள்ள மருத்துவ ரெக்கார்டுகளைத் தேடி எடுக்கும் ஜெனசிஸ் என்ற கணினி முறை வந்துவிட்டது. இங்கே மருந்துக்கடையில் வாங்கிய ஒரு இன்ஹேலர்கூட அதில் தெரிய வாய்ப்பு உண்டு. ஊர் ரெக்கார்டு அதில் வராது என்பது சரிதான். ஆனால் பயிற்சியில் குளிரில் ஓடும்போது மூச்சு திணறினால், "இதற்கு முன் வந்ததுண்டா?" என்பதுதான் முதல் கேள்வி.

உண்மையை மறைத்துப் படையில் சேர்வது ராணுவச் சட்டத்தில் குற்றம், சிறைத்தண்டனை வரைக்கும் போகலாம். பெரும்பாலும் வேலையை விட்டு அனுப்புவதோடு முடியும். கிரீன் கார்டுக்காரருக்கோ அதுவே பெரிய அடி. ராணுவ சேவை வழியாகக் குடியுரிமை சீக்கிரம் கிடைக்கும், விண்ணப்பக் கட்டணமும் இல்லை. ஆனால் அப்படிக் கிடைத்த குடியுரிமையை, மொத்தம் ஐந்து ஆண்டு நற்சேவை முடிவதற்குள் கெட்ட பெயரோடு வெளியேற்றப்பட்டால், பறிக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. இங்கே பிறந்த பையனுக்கு இந்தப் பயம் இல்லை. நமக்கு உண்டு.

காசநோய் பற்றி ஒரு அம்மா கேட்டிருந்தார்கள். கிரீன் கார்டு மருத்துவப் பரிசோதனையில் டிபி ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்திருந்தால் அது ஏற்கெனவே அரசு ஃபைலில் இருக்கிறது. நோயாக மாறாமல் உள்ளே உறங்கும் கிருமிதான் என்றால், மாத்திரை கோர்ஸை முழுதாக முடித்ததற்கான சான்று இருந்தாலே போதும். அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். லாசிக் என்ற லேசர் சிகிச்சை செய்த கண்ணுக்கு ஆறு மாத இடைவெளி வேண்டும். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்திருந்தால், தயவுசெய்து அதையும் சொல்லுங்கள். நம் வீடுகளில் அதிகம் மறைப்பது இதைத்தான். போலீஸ் கேஸ் இருந்து, கோர்ட் அதை மூடி சீல் வைத்திருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

"எழுதாதே" என்று எந்த ரெக்ரூட்டராவது சொன்னால் சண்டை போட வேண்டாம். எழுந்து அடுத்த அலுவலகத்துக்குப் போங்கள். போகும் முன் அம்மா அப்பாவை உட்கார வைத்து, எந்த வயதில் என்ன வந்தது, என்ன மருந்து, எந்த டாக்டர் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என் அம்மா எழுதிய தாளில் நான் மறந்தே போன இரண்டு ஆஸ்பத்திரி அட்மிஷன் இருந்தது.