புதுப்பிப்பு: டியூஷனுக்கு வரச் சொன்ன ஆசிரியர் விஷயம்

எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளின் அரசுப் பள்ளியில், வீட்டு டியூஷனுக்கு வராத பிள்ளைகளைக் கணக்கு ஆசிரியர் எல்லார் முன்னாலும் மட்டம் தட்டுகிறார் என்று எழுதியிருந்தேன். "பேசாமல் அனுப்பிவிடுங்கள்" என்றீர்கள் சிலர். அனுப்பவில்லை.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஆசிரியர்கள் டியூஷன் எடுப்பதையே தடை செய்கிறது. 17ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனரீதியான துன்புறுத்தலையும் தடுக்கிறது. இரண்டையும் குறிப்பிட்டு, பெற்றோர்கள் சேர்ந்து கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுத்தோம். அப்புறம்தான் அசைந்தார்கள். இப்போது அந்த ஆசிரியருக்கு, அரசு ஊழியர் பணி விதிகளில் உள்ள 17(அ)-இன்படி விளக்கம் கேட்டுக் குறிப்பாணை போயிருக்கிறது. இது சிறு தண்டனைக்கானது; பணிநீக்கம் வரை போகக்கூடியது 17(ஆ). அவர் வேலையைப் பறிப்பது எங்கள் நோக்கமும் இல்லை.

ஆனால் இடமாற்றத்தோடு முடித்துவிடுவார்களோ என்ற கவலை இருக்கிறது. அந்த ஊர்ப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? ஸ்காட்லாந்தில் 1965 முதல் ஆசிரியர்களுக்கென்றே ஒரு மன்றம் இருக்கிறது. அதன் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கினால் அங்கே பள்ளியில் பாடம் நடத்த முடியாது. மருத்துவர்களுக்கு இங்கே அப்படி ஒன்று உண்டு, ஆசிரியர்களுக்கு இல்லை.

அவருடைய விளக்கம் வந்ததும் எழுதுகிறேன். இதே சிக்கலில் இருப்பவர்கள் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்ணான 14417க்கு அழைக்கலாம்.