ஆலை மூடிவிட்டது, பி.எஃப். கணக்கில் பிறந்த தேதியைத் திருத்தக் கையெழுத்திட ஆளில்லை

கோவை சிங்காநல்லூர் பக்கம் ஒரு நூற்பாலையில் 19 ஆண்டுகள் சைடராக (நூற்பு இயந்திரத்தைக் கவனிக்கும் தொழிலாளி) இருந்தேன். 2023 மார்ச்சில் ஆலையை மூடிவிட்டார்கள். பி.எஃப். பணத்தை எடுக்க முடியவில்லை. கணக்கில் பிறந்த ஆண்டு 1974, ஆதாரில் 1978. சேர்ந்த அன்று மேஸ்திரி வாய்க்கு வந்த வயதைச் சொல்லி எழுத வைத்தார், நானும் கவனிக்கவில்லை.

இணையத்தில் திருத்தம் கேட்டேன். அது நிறுவனத்தின் ஒப்புதலுக்குப் போய் அங்கேயே நிற்கிறது. ஒப்புதல் தர யார் இருக்கிறார்கள்? நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இயந்திரங்களைக்கூடக் கழற்றி லாரியில் ஏற்றிவிட்டார்கள். கேட்டில் தொங்கும் பூட்டு துருப்பிடித்து, அதைச் சுற்றிக் கொடி படர்ந்திருக்கிறது. பழைய மேலாளர் போனை எடுப்பதில்லை. பதிவுத் தபால் திரும்பி வந்துவிட்டது. பி.எஃப். அலுவலகத்துக்கு இரண்டு முறை போனேன்; இரண்டு முறையும் நிறுவன முத்திரையைத்தான் கேட்டார்கள்.

கையில் இருப்பவை: யு.ஏ.என். எண் (பி.எஃப். உறுப்பினர் எண்), 1978 என்று உள்ள பள்ளி மாற்றுச் சான்றிதழ், 2011 முதல் சம்பளச் சீட்டுகள், இ.எஸ்.ஐ. அட்டை.

1888-இலேயே நூற்பாலை வந்த ஊர் இது. ஆனாலும் வேறு ஆலைகளில் என் வயதைக் கேட்டதுமே திருப்பி அனுப்புகிறார்கள். காலை ஷிஃப்டுக்கு எழுந்த பழக்கத்தில் இன்றும் ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு இந்தப் பணத்தைத்தான் நம்பியிருக்கிறேன்.

மூடிய ஆலையில் வேலை பார்த்தவர்கள் யாராவது, நிறுவனத்தின் கையெழுத்து இல்லாமல் பிறந்த தேதியைத் திருத்தியிருந்தால், எந்தப் படிவத்தில், யாரிடம் சான்றொப்பம் வாங்கிக் கொடுத்தீர்கள்?