பட்டியலிலிருந்து சொல் பிரிக்க: ஸ்ப்ளிட் போதுமா?

நூல்தேடி:
பைத்தான் நிரல்மொழியில் வரிக்கு ஒரு பழமொழியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். சொற்களைத் தனித்தனியாக எடுத்து எண்ண ஒரு ஃபங்ஷன் எழுதினேன். உள்ளே ரெஜெக்ஸ் (ஒரு வடிவத்தைக் கொடுத்துத் தேடும் முறை), பேட்டர்ன் பேக்ஸ்லாஷ் டபிள்யூ பிளஸ், அதாவது தொடர்ந்து வரும் எழுத்து, எண்களின் கூட்டம். "அம்மா" என்று கொடுத்தால் "அம", "ம" என இரண்டு துண்டாக வருகிறது. எங்கே தப்பு?

சோம்பல்முருகு:
ரெஜெக்ஸைத் தூக்கிப் போடுங்கள். வரியை இடைவெளிகளில் ஸ்ப்ளிட் செய்து, ஓரத்தில் ஒட்டிய குறிகளை ஸ்ட்ரிப் செய்து நீக்கினால் முடிந்தது. இரண்டு வரி வேலை.

புள்ளிக்காரன்:
காரணத்தைச் சொல்லாமல் தூக்கிப் போடச் சொன்னால் எப்படி? பைத்தானின் டபிள்யூ ஒவ்வொரு குறியீட்டையும் எழுத்தா, எண்ணா என்று கேட்கிறது. புள்ளி, கால், கொம்பு எல்லாம் யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துக்கும் குறியீடு தரும் முறை) 'மார்க்' வகை, எழுத்து வகை இல்லை. அதனால் அங்கே வெட்டிவிடுகிறது. இந்தக் குறை 2007லேயே பைத்தானின் பிழைப்பட்டியலில் பதிவானது. "அம்மா" உடைந்ததால் கண்டுபிடித்தீர்கள். "மரம்" சத்தமில்லாமல் "மரம" ஆகியிருக்கும், பாருங்கள்.

நூல்தேடி:
ஐயோ, ஆமாம்! "மரம", "படம" என்று நிறைய இருக்கிறது. நான் வேர்ச்சொல் என்று நினைத்துக்கொண்டேன்.

சோம்பல்முருகு:
அதைத்தான் சொல்கிறேன், ஸ்ப்ளிட்டில் இந்த வம்பே இல்லை.

புள்ளிக்காரன்:
வேறு வம்பு இருக்கிறது. ஸ்ட்ரிப்புக்குக் கொடுக்கும் ஸ்ட்ரிங் மாட்யூலின் பங்சுவேஷன் (நிறுத்தக்குறி) பட்டியலில் ஆஸ்கி எனும் அடிப்படை ஆங்கிலத் தொகுப்பின் குறிகள் மட்டும்தான். வளைந்த மேற்கோள் குறி அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். முற்றுப்புள்ளிக்குப் பின் இடைவெளி விடாத வரியில் இரண்டு சொல் ஒன்றாகிவிடும். வெளியிலிருந்து, 'ரெஜெக்ஸ்' என்றே பெயர் கொண்ட தனி பேக்கேஜை நிறுவுங்கள், அதன் டபிள்யூ மார்க்குகளையும் சேர்த்துக்கொள்ளும்.

சோம்பல்முருகு:
நூறு பழமொழிக்கு வெளிப் பேக்கேஜா? வளைந்த குறிகளை ஸ்ட்ரிப்பில் கையால் சேர்த்தால் போகிறது. இடைவெளி விடாதவர் டைப் செய்ததைத் திருத்தட்டும்.

புள்ளிக்காரன்:
சரி, நூறுக்கு உங்கள் வழியே போதும். பத்தாயிரம் வரி வந்தால் யார் உட்கார்ந்து திருத்துவது?

நூல்தேடி:
ஸ்ப்ளிட்டில் ஓட்டிப் பார்த்தேன், உடையவில்லை. ஆனால் "கொடி" இரண்டு தனிச் சொல்லாக எண்ணப்படுகிறது. கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரிகிறது.

புள்ளிக்காரன்:
ஒன்றில் 'ஒ' குறி ஒரே குறியீடு, மற்றதில் கொம்பும் காலும் தனித்தனி. எண்ணுவதற்கு முன் என்எஃப்சிக்கு (தனித்தனிக் குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவம்) நார்மலைஸ் செய்யுங்கள்.

சோம்பல்முருகு:
இதில் மட்டும் சண்டை இல்லை. ஸ்ப்ளிட்டுக்கு முன்னாடி அந்த ஒரு வரியைப் போட்டுவிடுங்கள்.